சிறுவர், முதியோர், விசேட தேவையுடையோர் துன்புறுத்தப்படும்போது: யாரிடம், எந்த வரிசையில் போவது? (மட்டக்களப்பு – அம்பாறை)

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் சிறுவர் அபிவிருத்திக் குழுவைத் திரும்ப இயங்க வைக்கிற வேலை நடக்குது. முன்பள்ளி ஆசிரியைமார், கோயில் நிருவாகம், மாதர் சங்கம், விவசாய அமைப்பு எல்லாரும் சேர்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கேட்கிறது ஒன்றைத்தான்: சந்தேகம் வந்தால் முதல் யாரிட்டப் போறது? பிரதேச செயலகத்தில் மட்டும் சிறுவர் உரிமை மேம்பாடு, சிறுவர் பாதுகாப்பு, மகளிர் அபிவிருத்தி, சமூக சேவை, முதியோர் உரிமை, உளவளத்துணை என்று வரிசையாக மேசைகள். வெளியில் பொலிஸ், நன்னடத்தை (சிறுவர் பராமரிப்பைப் பார்க்கிற திணைக்களம்), ஆஸ்பத்திரி, நீதிமன்றம். எந்தக் கதவு எதற்கு என்று ஊர்ச்சனத்துக்குத் தெரியாது.

மாதிரிக்கு மூன்று நிலைமை வைக்கிறேன். தெரிந்தவர்கள் இதை வைத்தே சொல்லுங்கள்.

அ) தாய் குவைத்தில். அம்மம்மாவோடு இருக்கிற 9 வயதுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவதில்லை. வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரர் ஒருவரைக் கண்டால் ஒளிகிறாள்.

ஆ) வீடு வளவைக் கடைசி மகளுக்கு எழுதிக் கொடுத்த 74 வயதுத் தாய், பின்வளவுக் கொட்டிலில் பாயோடு கிடக்கிறா. முதுகில் புண்.

இ) கதைக்க வராத 22 வயதுப் பெண். தாய் தகப்பன் வயலுக்குப் போனால் வீட்டில் தனிய.

---

கச்சேரியடி

எந்தக் கதவு என்று தேடிக்கொண்டு நிற்கிறதே முதலாவது தாமதம். எந்தக் கதவைத் தட்டினாலும் முறைப்பாடு உள்ளே போகவேணும், அதற்கு ஓர் இலக்கமும் திகதியும் கிடைக்கவேணும். எங்கட இரண்டு மாவட்டத்திலும் உத்தியோகத்தர் இல்லாமல் பிள்ளைகள் கைவிடப்படுவது குறைவு. ஒரு மேசையில் இருந்து மற்ற மேசைக்கு வாய்மொழியாகப் போகும்போதுதான் விசயம் காணாமல் போகிறது. "மிஸ்ஸுக்குச் சொன்னேன்" என்பது முறைப்பாடு இல்லை.

(அ)வுக்கு நேரடிப் பதில்: 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 24 மணி நேரமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழில் கதைக்கலாம், பேர் சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேர் சொல்லாதவர்கள் இடத்தைச் சரியாகச் சொல்ல வேணும். "மண்டூர்ப் பக்கம் ஒரு பிள்ளை" என்று சொன்னால் எந்த உத்தியோகத்தரும் தேடிப் பிடிக்க மாட்டார். கிராம உத்தியோகத்தர் பிரிவு, வீதி, அடையாளமான கோயில் அல்லது கடை, பிள்ளையின் பேரும் வயதும், படிக்கிற பாடசாலை, வீட்டில் யார் யார், சந்தேகப்படுகிற ஆள் வீட்டில் இருக்கிற நேரம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் அழைக்க வேணும். அழைப்பு முடியும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு அதே தாளில் குறியுங்கள். பிறகு "எந்த நிலையில் இருக்கு" என்று விசாரிக்க அந்த இலக்கம்தான் பிடி.

1929க்குச் சொன்ன தகவல் இறங்கி வருவது கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் மாவட்ட உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தில் இருக்கும் உத்தியோகத்தருக்கும்தான். அதனால் அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்கும் ஓர் எழுத்துமூலக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் 1929 இலக்கத்தையும் எழுதினால் இரண்டும் ஒரே கோவைக்குள் போகும். எழுதாவிட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு கோவை திறபடும். ஓர் உத்தியோகத்தர் "மற்றவர் பார்க்கிறார்" என்பார், மற்றவரும் அதையே சொல்வார்.

இன்று இரவே ஆபத்து என்றால் இந்த வரிசை ஒன்றும் வேண்டாம். நேரே 119 அல்லது கிட்டிய பொலிஸ். காயம் என்றால் 1990 அம்புலன்ஸ்.

---

தாய்சேய் நலம்

கச்சேரியடி அண்ணன் சொன்ன தாளில், கண்ணால் கண்டதையும் ஆட்கள் கதைத்ததையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "அவன் ஆள் சரியில்லை" என்பது கதை. "மார்ச் 4, 11, 12, 18 பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை, வரவுப் பதிவேட்டில் இருக்கு" என்பது தகவல்.

உடம்பில் என்ன பார்க்கிறது என்று முன்பள்ளி ஆசிரியைமாருக்குச் சொல்லிக் கொடுக்க வேணும். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முழங்கால், கெண்டைக்கால் முன்பக்கம், நெற்றி, முழங்கை இங்கெல்லாம் கண்டல் வரும், அது வழமை. காது, கழுத்து, வயிறு, முதுகு, குண்டி, தொடையின் உட்பக்கம் இங்கே கண்டல் இருந்தால் நின்று கேட்க வேணும். இன்னும் தவழாத, 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தையில் எந்த இடத்தில் கண்டல் இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சுடுதண்ணி கொட்டிய காயம் தெறித்து, ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும். காலைப் பிடித்துத் தண்ணிக்குள் அமுக்கியிருந்தால் இரண்டு காலிலும் ஒரே மட்டத்தில், மேசோடு (காலுறை) போட்ட மாதிரி வெட்டுக் கோட்டுடன் நிற்கும். கண்டலின் நிறத்தைப் பார்த்து "இது மூன்று நாள், இது ஒரு கிழமை" என்று யாரும் கணக்குச் சொல்லக் கூடாது. வைத்தியர்களே அப்படிச் சொல்வதில்லை.

புறக்கணிப்பைக் கண்டுபிடிக்க வீட்டில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கு. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு. நிறைக்கோடு பிள்ளையின் வழமையான பாதையை விட்டுக் கீழ் வலயத்துக்கு இறங்குகிறதா, தடுப்பூசித் திகதிகள் தவறியிருக்கிறதா என்று குடும்பநல உத்தியோகத்தருக்கு ஒரு பார்வையில் தெரியும். தாய் வெளிநாடு போன திகதியையும் கோடு இறங்கத் தொடங்கிய மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் நிறை குறைந்தால் துன்புறுத்தல் என்று பாயக்கூடாது. பூச்சி, சலம் போகிற பாதையில் தொற்று, வறுமை எல்லாம் இருக்கும். அம்மம்மாவுக்கே கண் தெரியாமல், சமைக்க ஏலாமல் இருக்கலாம். அப்படியான வீட்டுக்குத் தேவை உதவி, பொலிஸ் இல்லை.

---

கரைவாகு

கல்முனைப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். தாய்சேய் நலம் ராத்தா சொன்ன கடைசி வரி முக்கியம். ஆனால் அதையே சாட்டாக வைத்துப் பாலியல் விசயத்தையும் "குடும்பத்துக்குள் உதவி செய்து முடிப்போம்" என்று பள்ளிவாசலிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டம் போடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கு. பிள்ளையின் மானம் போகுமாம், நாளைக்குக் கலியாணம் வராதாம். நட்டஈடு பேசி, ஆளை ஊரை விட்டு அனுப்பி விடுவார்கள். ஆள் அடுத்த ஊருக்குப் போவான், அங்கேயும் பிள்ளைகள் இருக்கு.

பாலியல் குற்றம் இணக்க சபைக்கும் போகாது, நம்பிக்கையாளர் சபைக்கும் (பள்ளிவாசல் நிருவாகம்) போகாது. அதைச் சமாதானப்படுத்த ஊருக்கு அதிகாரம் இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நிருவாகிகள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "இதை நாங்கள் விசாரிக்க மாட்டோம், வாகனம் பிடித்துத் தருகிறோம், போங்கள்."

---

நீதிமன்ற வீதி

கரைவாகு சொன்னதற்குச் சட்டப் பின்னணி. தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது பல புதிய குற்றங்கள் சேர்ந்தன. ஊரில் தெரிந்திருக்க வேண்டியவை:

308அ பிரிவு, சிறுவருக்குக் கொடுமை புரிதல். 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்குவது, துன்புறுத்துவது மட்டுமல்ல, கவனியாமல் விடுவதும் கைவிடுவதும் இதற்குள் வரும். 2 முதல் 10 வருடம். "நான் அடிக்கவில்லையே, சாப்பாடுதான் கொடுக்கவில்லை" என்பது பதில் ஆகாது.

365ஆ, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 7 முதல் 20 வருடக் கடூழியச் சிறை. வன்புணர்வு என்றால், 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் செய்தது 10 முதல் 20 வருடம்.

365இ: பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் பிரசுரிப்பது குற்றம், 2 வருடம் வரை சிறை. முகநூலில் "இந்தப் பிள்ளைக்கு நீதி வேண்டும்" என்று படத்தோடும் ஊரோடும் போடுகிறவர்கள் நல்ல மனதோடுதான் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குப் பாடசாலைக்குப் போக வேண்டும். முகத்தை மறைத்து, தாயின் பேரையும் வீதியையும் போட்டால் மறைத்ததற்கு அர்த்தம் இல்லை.

பொலிஸில்: சிறுவர் மகளிர் பணியகத்துக்குப் போங்கள், பெண் உத்தியோகத்தர் வாக்குமூலம் எடுக்கக் கேளுங்கள். தமிழில் எழுதக் கேட்பது சலுகை அல்ல. வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்பது அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் சில நிலையங்களில் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைத்தால், வழக்கு வரும்போது "அன்றைக்கு இப்படிச் சொல்லவில்லையே" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வாக்குமூலத்தைத்தான் தூக்கிக் காட்டுவார். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள். அவசர இலக்கம் 1996.

---

வைத்தியசாலை வீதி

பொலிஸுக்கு முதலா, ஆஸ்பத்திரிக்கு முதலா என்று பலர் தடுமாறுகிறார்கள். காயம், இரத்தம், நோவு, அல்லது கடந்த 3 நாளுக்குள் நடந்த பாலியல் சம்பவம் என்றால் ஆஸ்பத்திரிக்கு முதல். பொலிஸ் கடிதம் இல்லாமல் அனுமதிக்க முடியும். ஆஸ்பத்திரி பொலிஸ் காவலரணுக்கு அவர்களே அறிவிப்பார்கள், சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் பின்னால் வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி இருக்கிறார். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளில் சேர்த்தால் தேவைக்கேற்ப அங்கிருந்து அனுப்புவார்கள்.

வெளிக்கிட முன் வீட்டில் செய்யக் கூடாதவை: குளிக்க வார்க்கக் கூடாது, உடுப்பைத் தோய்க்கக் கூடாது. உடுப்பை மாற்றியே தீரவேணும் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடதாசிப் பையில் வையுங்கள், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினாலும் சரி. பொலித்தீன் பை வேண்டாம். உள்ளே வேர்த்து, பூஞ்சணம் பிடித்து, ஆதாரம் அழிந்துவிடும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர விட்டுச் சுற்றுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். சின்னப் பிள்ளைகளில் உடம்பை விட உடுப்பிலும் படுக்கை விரிப்பிலும்தான் தடயம் கிடைக்கிற வாய்ப்பு கூட. அதனால் விரிப்பையும் எடுத்து வையுங்கள்.

72 மணி நேரம் என்ற எல்லை ஆதாரத்துக்கு மட்டும் இல்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிற மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேணும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தைத் தடுக்கிற அவசர மாத்திரையும் அப்படியே, முந்தினால் பலன் கூட.

3 நாள் தாண்டிவிட்டால் பயன் இல்லை என்று வீட்டில் இருந்து விடாதீர்கள். மாதக்கணக்கு ஆனாலும் பரிசோதனைக்குப் போகலாம். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று அறிக்கை வந்தால் பிள்ளை பொய் சொன்னது என்று அர்த்தம் இல்லை. துன்புறுத்தப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் அடையாளம் இருப்பதே இல்லை. இந்த ஒரு விசயம் விளங்காததால் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் அடி வாங்கியிருக்கு.

---

வாவிக்கரை

நன்றி. இரண்டு கேள்வி. பிள்ளையிடம் யார், எப்படிக் கேட்பது? மற்றது, எங்கட பக்கம் பின்னேரத்துக்குப் பிறகு பஸ் இல்லை, மண்டூர்த் துறையில் பாதையும் (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) எந்நேரமும் ஓடாது. களுவாஞ்சிகுடிக்குப் போகிறது எப்படி?

---

தாய்சேய் நலம்

போக்குவரத்தைக் குழு இப்பவே ஒழுங்கு பண்ணி வைக்க வேணும், சம்பவம் நடந்த பிறகு இல்லை. இரவில் ஓடச் சம்மதிக்கிற இரண்டு முச்சக்கர வண்டிக்காரர், அதில் ஒருவர் வராவிட்டால் மற்றவர். பிள்ளையோடு போவதற்கு ஒரு பெண், சொந்தக்காரராய் இருக்கக் கூடாது. எண்ணெய்க் காசுக்கு மாதர் சங்கத்தில் ஒரு சின்ன நிதி. சந்தேகத்துக்குரிய ஆளின் வண்டியில் பிள்ளையை ஏற்றி அனுப்பிய சம்பவங்களே உண்டு. அவசரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

பிள்ளையிடம் கேட்பது: பிள்ளை தானாக வந்து சொன்ன ஆளே கேட்டால் போதும். டீச்சர் கேட்டு, பிறகு அதிபர் கேட்டு, பிறகு கிராம உத்தியோகத்தர் கேட்டு, பிறகு மாமி கேட்டு என்று பிள்ளையைச் சுற்றி விசாரணை நடத்தக் கூடாது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பதில் கொஞ்சம் மாறும், அது பிள்ளைகளின் இயல்பு. நீதிமன்றத்தில் அந்த மாற்றமே பிள்ளைக்கு எதிராக நிற்கும்.

"மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்காதீர்கள், அது பதிலை வாய்க்குள் வைக்கிற கேள்வி. "என்ன நடந்தது?", "மறுகா என்ன நடந்தது?" இந்த இரண்டும் போதும். முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள், சொல்லத்தான் போகிறீர்கள். "உனக்கு உதவி செய்யிற ஆட்களுக்கு மட்டும் சொல்லுவேன், நீ சொன்னது நல்லது, பிழை உன்னில இல்ல" என்று சொல்லுங்கள். பிள்ளை போனவுடன் அது சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். உறுப்புக்குப் பிள்ளை ஒரு செல்லப் பேர் வைத்திருந்தால் அதே பேரை எழுதவேணும், நாகரிகமாக மாற்றி எழுதக் கூடாது. திகதி, நேரம், இடம், கையெழுத்து.

---

நீதிமன்ற வீதி

அதோடு சேர்த்து: 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், பிள்ளையின் முதலாவது நேர்காணலை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக முன்வைக்கலாம். எல்லா வழக்கிலும் தானாக நடப்பதில்லை. சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடமும் விசாரணை செய்யும் பொலிஸிடமும் எழுத்தில் கேட்க வேண்டும். ஊரில் பத்துப் பேர் விசாரித்து முடித்த பிறகு அந்த ஒளிப்பதிவுக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

சாட்சிகளை மிரட்டுவது தனிக் குற்றம். 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. "வழக்கை வாபஸ் வாங்கு" என்று வீட்டுக்கு ஆள் அனுப்பினால் அதையும் திகதியோடு முறைப்பாடு செய்யுங்கள்.

---

எழுவான்

பிள்ளையை வீட்டில் இருந்து எடுக்க வேண்டி வந்தால் எல்லாரும் உடனே "ஹோமில போடுங்க" என்கிறார்கள். மட்டக்களப்பில் யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு இல்லங்கள் பெருகியதால் வந்த பழக்கம் இது. இல்லம் கடைசித் தெரிவாக இருக்க வேணும் என்றுதான் 2019ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும் சொல்கிறது. நடைமுறையில் இப்படி: பொலிஸ் அல்லது நன்னடத்தை உத்தியோகத்தர் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்கு எடுத்தால் நீதவான் முன் கொண்டுபோக வேணும். 1939ஆம் ஆண்டின் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இன்னமும் இதற்கு அடிப்படை. நீதவான் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சமூக அறிக்கை கேட்பார். அந்த அறிக்கைதான் பிள்ளை எங்கே வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே குழு செய்யக்கூடிய பெரிய உதவி, அறிக்கை எழுதுமுன் உத்தியோகத்தருக்குப் பொருத்தமான உறவினர்களைக் காட்டுவது. பெரியம்மா, சின்னம்மா, தகப்பன் வழி மாமி. அவர்களின் வீட்டில் எத்தனை அறை, சந்தேகத்துக்குரிய ஆள் அந்த வீட்டுக்கும் வந்துபோகிறவரா, கிட்ட எந்தப் பாடசாலை. பொருத்தமான ஆள் என்று நீதிமன்றம் ஏற்றால் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கும்.

இல்லம்தான் என்றால் நன்னடத்தைத் திணைக்களத்தில் பதிந்த இல்லமா என்று பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். நீதிமன்றக் கட்டளையோ திணைக்கள அனுமதியோ இல்லாமல் பிள்ளையைச் சேர்க்கிற இடம் எதுவானாலும், எந்தச் சமயத்தவர் நடத்தினாலும், அங்கே பிள்ளையை விடாதீர்கள்.

---

கரைவாகு

பாடசாலையைப் பற்றி ஒன்று. பிரம்படி 2005/17 சுற்றறிக்கையால் தடை. அதிபர் முறைப்பாட்டைத் தடுத்து வைத்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். காயம் இருந்தால் பொலிஸ். மற்றது, 5 வயதில் இருந்து 16 வரை கட்டாயக் கல்வி. நெல் ஆலை, கராஜ், புடவைக் கடையில் 16க்குக் குறைந்த பிள்ளை நின்றால் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். வேலைக்கான ஆகக் குறைந்த வயது 2021இல் 14இல் இருந்து 16 ஆக்கப்பட்டது.

---

சீவிய உரித்து

யாரும் (ஆ)வைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கட கிழக்கில், தமிழரோ முஸ்லிமோ, வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஒவ்வொரு மகளுக்கும் கலியாணத்தோடு ஒரு வீடு எழுதி, தாய் தகப்பன் ஒதுங்கி ஒதுங்கி, கடைசி மகளின் வீட்டில் நிற்பார்கள். அந்தக் கடைசி உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்) சீவிய உரித்து வைத்து எழுதாவிட்டால் சட்டப்படி அவர்கள் அந்த வீட்டில் தங்கியிருக்கும் ஆட்கள் மட்டும். நொத்தாரிசிடம் போகும்போது, "எங்கட சீவிய காலம் வரைக்கும் இருக்கிறதுக்கும் அனுபவிக்கிறதுக்கும் உரித்து வைத்து எழுதுங்கோ" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். மேலதிகச் செலவு பெரிதாக இல்லை. மருமகன் வீட்டார் விரும்ப மாட்டார்கள், அதற்காக விடக் கூடாது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று என்றால்: 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், கடும் நன்றிகெட்ட செயலுக்காக நன்கொடை உறுதியை இரத்துச் செய்யக் கேட்க இடம் தருகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. கால எல்லை உண்டு, ஆகவே "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று இழுக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவில் உறுதியின் பிரதியைக் காட்டுங்கள். சீதன உறுதிக்கும் சாதாரண நன்கொடைக்கும் வித்தியாசம் இருக்கு, அதை அவர்கள் உறுதியைப் படித்துத்தான் சொல்ல முடியும். படுவான்கரையில், அம்பாறைக் குடியேற்றங்களில் அனுமதிப்பத்திரக் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் கதை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரக்காரரின் விதவைக்கு ஆயுள் வரை அந்தக் காணியில் இருக்கிற உரித்து உண்டு. பின்னுரித்தாளராகப் பேர் எழுதப்பட்ட மகன் தாயை எழுப்ப முடியாது.

வீட்டை மீட்க நினையாமல் பராமரிப்பு மட்டும் வேணும் என்றால் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், 2011இல் திருத்தியது. 60 வயது தாண்டிய, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் இருந்து மாதக் கொடுப்பனவு கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் விண்ணப்பத்தை நிரப்பித் தருவார். எல்லாப் பிள்ளைகளின் பேரும் விலாசமும் போடவேணும். கட்டாரில் இருக்கிற மகனை விட்டுவிட்டு ஊரில் இருக்கிற மகளின் பேரை மட்டும் போட்டால், ஏற்கெனவே பார்க்கிறவளின் தலையில்தான் எல்லாம் விழும்.

---

தாய்சேய் நலம்

அந்தத் தாயின் புண்ணை விட்டுவிட்டு உறுதியைப் பற்றிக் கதைக்க ஏலாது. பாயோடு கிடக்கிறவவின் நாரி எலும்பு, இடுப்புப் பக்கங்கள், குதிக்கால் மூன்றையும் பாருங்கள். தோல் சிவந்திருந்தால் விரலால் அமத்தி எடுங்கள். அமத்திய இடம் வெளிறித் திரும்பச் சிவந்தால் இன்னும் தப்பலாம். வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. 2 மணி நேரத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்க வேணும், இரவிலும். பாய்க்கு மேலே பொலித்தீன் விரிக்கக் கூடாது, வேர்த்து ஊறும். குதிக்காலுக்குக் கீழே இல்லாமல் கெண்டைக்குக் கீழே தலையணை. புண்ணுக்குள் கறுப்பு, மணம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். கடைசித் திகதி எப்போ? மாத்திரைச் சரைகளை எண்ணுங்கள். ஒரு மாதத்துக்குக் கொடுத்த சரை மாதக் கடைசியிலும் பிரிபடாமல் இருந்தால் யாரும் மருந்து கொடுக்கவில்லை. முதியோர் கொடுப்பனவை யார் எடுக்கிறார், வங்கிப் புத்தகம் யாரின் கையில் என்று மனுசியிடம் தனியக் கேளுங்கள், மகள் பக்கத்தில் நிற்கும்போது இல்லை.

பார்க்கிற மகளை வில்லியாக்க வேண்டாம். பல வீடுகளில் அவளும் மூன்று பிள்ளையோடு, நுண்கடனோடு, குடிக்கிற புருசனோடு தனிய இழுக்கிறாள். கிழமைக்கு இரண்டு நாள் இன்னொருவர் வந்து புரட்டி, கழுவி விட்டால் அந்தப் புண் வந்திருக்காது. அதற்கும் தாயைத் தள்ளி விழுத்தி, காசைப் பறிக்கிறதுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதுக்கு ஆட்கள் வேணும், இரண்டாவதுக்கு நீதிமன்றம் வேணும்.

---

நீதிமன்ற வீதி

இரண்டாவதுக்கு: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். கணவன் மனைவிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பெற்றோர், பிள்ளைகள், பாட்டன் பாட்டி, சகோதரர் எல்லாரும் அடங்குவர். விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்தில். அவசரம் என்று மன்றம் கண்டால் இடைக்காலக் கட்டளை போட்டு 14 நாளுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்கும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்காகப் பெற்றோர், பாதுகாவலர், பிள்ளை வசிக்கும் வீட்டார், அல்லது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை எழுத்தில் அதிகாரமளித்தவர். இந்தக் கட்டளை குற்ற வழக்குக்குப் பதில் அல்ல, இரண்டும் சமாந்தரமாகப் போகலாம்.

---

எழுவான்

(இ)யைப் பற்றி. கதைக்க வராத பெண் சாட்சி சொல்ல முடியாது என்று பொலிஸில் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். சைகையால், எழுத்தால் சொல்வதும் சாட்சியமே. கேட்கிற கேள்வியை விளங்கிப் பதில் சொல்ல முடிந்தால் போதும். சைகை மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யச் சமூக சேவை உத்தியோகத்தருக்கு முதல் நாளே எழுதுங்கள். வீட்டுக்காரரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கக் கூடாது, துன்புறுத்தியவரே வீட்டுக்காரராக இருக்கலாம்.

சம்பவம் நடக்குமுன் செய்யக்கூடியது: வயல் காலத்தில் அந்தப் பெண் தனிய இருக்கிற நேரத்தைக் குறையுங்கள். பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள், காலை ஒருவர் பின்னேரம் ஒருவர், முன்னறிவித்தல் இல்லாமல் எட்டிப் பார்க்கிறது. ஒரே நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் போகக் கூடாது, நேரம் தெரிந்தால் அதைத் தவிர்த்து ஆள் வரும். மாதவிடாய்த் திகதியைத் தாய் நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளையில் கர்ப்பம் ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான் வீட்டுக்குத் தெரிய வருகிறது.

ஆஸ்பத்திரிகளில் இருக்கிற நட்பு நிலையத்திலும் (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிற இடம்) பெண்கள் நேரே போய்க் கதைக்கலாம். மகளிர் உதவிக்கு 1938, மனநல உதவிக்கு 1926.

---

வாவிக்கரை

இவ்வளவும் ஒரு தாளுக்குள் அடங்காது போல. கடைசியாக ஒன்று: முறைப்பாடு போட்டு ஒரு மாதம், ஒரு பதிலும் இல்லை. குழு அப்போது என்ன செய்யலாம்?

---

கச்சேரியடி

பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டம் பிரதேச செயலாளர் தலைமையில் நடக்கும். பொலிஸ், நன்னடத்தை, சுகாதாரம், கல்வி எல்லாரும் அங்கே ஒரே மேசையில் இருப்பார்கள். கூட்டத்துக்கு முதல் கிழமையே பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: 1929 இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், திகதிகள், இதுவரை நடந்தது, இனி எந்த உத்தியோகத்தர் எந்தத் திகதிக்குள் என்ன செய்ய வேணும் என்ற கேள்வி. பிள்ளையின் பேரைக் கடிதத்தில் போட வேண்டாம், இலக்கம் போதும். கூட்ட அறிக்கையில் அந்த வரி ஏறினால் அடுத்த கூட்டத்தில் கட்டாயம் கேட்கப்படும். அங்கேயும் நகராவிட்டால் அதே கடிதத்தின் பிரதியை மாவட்டச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கும் மாகாண நன்னடத்தைத் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் குழுவின் கோவையில் ஒட்டி வையுங்கள். கோவை குழுச் செயலாளரின் வீட்டில் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கவேணும். முன்பள்ளி மேசை லாச்சியில் வேண்டாம்.